பில்பாவோ: ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பாருங்கள் (வாசகர் கேள்வி-பதில்)

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டின் பெரிய நகரமான பில்பாவோவைப் பற்றி வாசகர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. அந்தக் கட்டடத்தின் புகழ் அத்தகையது. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவோர் ஊரில் பாதியைக்கூடப் பார்த்தவர் ஆகமாட்டார்கள் என்பதே என் உறுதியான கருத்து. கடலை நோக்கி ஓடும் நெர்வியோன் ஆறுதான் இந்த நகரத்தை வளர்த்தது. ஆலைகளின் காலத்தில் கறுத்துக் கெட்டது. பிறகு அதன் கரையிலிருந்தே ஊர் மீண்டும் எழுந்தது. கீழேயுள்ள பதில்களில் பல அந்த ஆற்றங்கரைக்கே வந்து சேர்வதற்கு அதுவே காரணம்.

கேள்வி: எங்கள் ஸ்பெயின் பயணத்தில் பில்பாவோவுக்கு ஒரே ஒரு பகலைத்தான் ஒதுக்க முடிகிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

முடிந்தால் இன்னொரு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், காலையில் பழைய ஊரான காஸ்கோ வியேஹோவில் தொடங்கி, ஆற்றின் ஓரமாகவே நடந்து சென்று குகன்ஹைமில் நாளை முடியுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, அருங்காட்சியகத்திலேயே களைத்துப்போய், மாலையில் பழைய ஊரை அவசரமாகச் சுற்றி வருகிறார்கள்.

1300ஆம் ஆண்டில் தியேகோ லோபெஸ் தே ஹரோ என்ற பிரபு முறைப்படி நிறுவிய ஊர் இது. ஆற்றை நோக்கி இறங்கும் ஏழு தெருக்களே பழைய ஊரின் மூலம். இன்றும் அந்தப் பகுதியை ‘ஏழு தெருக்கள்’ என்றே அழைக்கிறார்கள். அவற்றின் நடுவே உள்ள சந்தியாகோ பேராலயம், கடற்கரை வழியாகச் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்களின் தங்கல்களில் ஒன்று. முதுகுப்பையும் சிப்பிச் சின்னமுமாக வருபவர்களை அங்கே எந்த மாதத்திலும் காணலாம். தெருக்களில் நடக்கும்போது சுவர்களைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். 1983 ஆகஸ்ட் 26 அன்று வந்த பெருவெள்ளம் எந்த உயரம் வரை ஏறியது என்பதைக் காட்டும் குறிகள், நம் தலைக்கு மேலே, சில சுவர்களில் பதிக்கப்பட்டுள்ளன. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு, அமைதியாகக் கிடக்கும் ஆற்றை யாரும் அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள்.

தெருக்களின் முடிவில், நீரை ஒட்டி நிற்கும் ரிபேரா சந்தை 1929இல் கட்டப்பட்டது. மீன் விற்கும் தளத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். அங்கிருந்து அர்ரியாகா நாடக அரங்கு, நகர மன்றம், கலத்ராவா வடிவமைத்த சுபிசுரி நடைபாலம் என்று கரையோரமாகவே குகன்ஹைமுக்கு வந்துவிடலாம். கால்களில் வலு மிச்சமிருந்தால் மேலும் கீழ்நோக்கி எவுஸ்கல்துனா வரை செல்லுங்கள். கப்பல் கட்டும் தளமாக இருந்த அந்த இடத்தில் இப்போது மாநாட்டு அரங்கமும் கடல்சார் அருங்காட்சியகமும் இருக்கின்றன. தளத்தின் நினைவாகச் சிவப்பு நிறப் பாரந்தூக்கி ஒன்றை மட்டும் அகற்றாமல் விட்டிருக்கிறார்கள். மொத்த நடை மூன்று, மூன்றரைக் கிலோமீட்டர்தான், எல்லாம் சமதளம்.

கேள்வி: நவீன ஓவியங்கள் எனக்குப் புரிவதில்லை. குகன்ஹைமுக்குச் சீட்டு வாங்கி உள்ளே போகத்தான் வேண்டுமா, வெளியே நின்று படமெடுத்துக்கொண்டால் போதாதா?

உள்ளே செல்லுங்கள். ஓவியங்கள் பிடிக்காதவர்களுக்கும் அங்கே ஒரு கூடம் காத்திருக்கிறது.

முதலில் வெளிப்புறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபிராங்க் கேரி வடிவமைத்து 1997 அக்டோபரில் திறக்கப்பட்ட இந்தக் கட்டடம், துறைமுகக் கிடங்குகள் இருந்த நிலத்தில் எழுந்தது. அதன்மேல் போர்த்தியிருக்கும் டைட்டானியத் தகடுகள் அரை மில்லிமீட்டர் தடிப்புகூட இல்லாதவை. அருகில் சென்று பார்த்தால் அவை முழுத் தட்டையாக இல்லாமல் இலேசாக உப்பி நெளிந்திருப்பது தெரியும். மேகமூட்டமான நாளில் வெள்ளிபோலவும் மாலை வெயிலில் பொன்போலவும் கட்டடம் மாறித் தெரிவதற்கு அந்த நெளிவும் ஒரு காரணம். ஒரே நாளில் இருமுறை, வெவ்வேறு வெளிச்சத்தில், முடிந்தால் மறுகரையிலிருந்தும் பாருங்கள்.

வாசலில், பூச்செடிகளால் ஆன ஜெஃப் கூன்ஸின் நாய்க்குட்டி ஏறத்தாழ 12 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை செடிகளை முழுவதுமாக மாற்றி நடுகிறார்கள். எல்லோரும் சிரித்தபடி படமெடுத்துக்கொள்ளும் அந்த முற்றத்துக்கு ஒரு துயரமும் உண்டு. திறப்பு விழாவுக்குச் சில நாள்களுக்கு முன், தோட்டக்காரர்களைப் போல வந்த, பாஸ்க் தனிநாடு கோரி ஆயுதம் ஏந்திய எட்டா இயக்கத்தினர் பூந்தொட்டிகளில் வெடிபொருள்களை மறைத்துக் கொண்டுவந்தபோது, ஐயுற்று நெருங்கிய பாஸ்க் காவலர் சேமா அகீர்ரே சுடப்பட்டு இறந்தார். இன்று அந்த முற்றம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆற்றுப் பக்கம் நிற்கும் லூயிஸ் பூர்ஷுவாவின் பெரிய சிலந்தியைப் பார்க்கவும் சீட்டு தேவையில்லை.

உள்ளே நீங்கள் தவறவிடக் கூடாதது, ரிச்சர்ட் செர்ராவின் எஃகுச் சிற்பங்கள் நிற்கும் நீண்ட கூடம். துருவின் செம்பழுப்பு படிந்த, ஆளைவிட இருமடங்குக்கும் மேல் உயரமான எஃகுச் சுவர்கள் சுருளாகவும் அலையாகவும் வளைந்து நிற்க, அவற்றினிடையே நாம் நடந்து செல்ல வேண்டும். சுவர் உட்பக்கம் சாய்கையில் பாதை இறுகுகிறது. வெளிப்பக்கம் சாய்கையில் தரையே நகர்வதுபோல் கால் தடுமாறுகிறது. திடீரென்று நடுவே ஒரு வட்ட வெளி திறக்கிறது. இதற்கு விளக்கவுரை எதுவும் வேண்டியதில்லை. குழந்தைகள் அதைப் பெரியவர்களுக்கு முன்பே புரிந்துகொள்கிறார்கள். இரும்புத் தாதுவையும் உலைகளையும் நம்பிப் பல தலைமுறைகள் வாழ்ந்த ஊரில், ஆற்றிலிருந்து சில அடி தூரத்தில், இந்த எஃகு நிற்பது மிகப் பொருத்தமானது என்று நான் எண்ணுகிறேன். பின்னர் மாடிக்கு ஏறி, அந்தச் சிற்பங்களை மேலிருந்தும் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த அப்பா, அம்மாவை அழைத்துச் செல்கிறேன். மலைகளுக்கு நடுவே உள்ள ஊர் என்கிறார்களே, சிரமப்படுவார்களா?

ஆற்றை ஒட்டிய பகுதி முழுவதும் சமதளமானது என்பதால் அஞ்ச வேண்டாம். மேட்டுப்பகுதிகளுக்கு மின்தூக்கிகள் பல உள்ளன. பிஸ்காயா மாநிலத்தின் காவல் தெய்வமாகப் போற்றப்படும் பெகோன்யா மாதாவின் ஆலயத்துக்குப் பழைய ஊரிலிருந்து நீண்ட படிக்கட்டு வழியாக ஏறுவது வழக்கம். பெற்றோரை அதில் ஏற்றாதீர்கள். காஸ்கோ வியேஹோ மெட்ரோ நிலையத்திலிருந்தே அந்த மேட்டுக்கு மின்தூக்கி இருக்கிறது. அந்த ஆலயத்துக்கும் ஆற்றுக்கும் ஓர் உறவு உண்டு. கடலிலிருந்து திரும்பும் மாலுமிகளுக்கு ஆற்றின் ஒரு வளைவில்தான் ஆலயக் கோபுரம் முதலில் கண்ணில் படுமாம். அங்கே அவர்கள் மாதாவுக்குரிய ‘சால்வே’ வணக்கப் பாடலைப் பாடியதால், குகன்ஹைமை ஒட்டியுள்ள பாலத்தை இன்றும் லா சால்வே என்றே வழங்குகிறார்கள்.

ஊர் முழுவதையும் மேலிருந்து பார்க்க, 1915 முதல் ஓடும் அர்ச்சாந்தா மலை ரயிலில் ஏறுங்கள். மூன்று நிமிடப் பயணம். சுபிசுரி பாலத்திலிருந்து சற்று நடந்தால் அதன் கீழ்நிலையம் வந்துவிடும். உள்ளூர்ப் பயணங்களுக்கெல்லாம் பாரிக் அட்டை ஒன்று வாங்கிக்கொண்டால் மெட்ரோ, டிராம், பேருந்து, மலை ரயில் அனைத்துக்கும் அதுவே போதும். ஒரே அட்டையைக் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்காகவும் அடுத்தடுத்துத் தொட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: தொங்கும் பாலத்தைப் பார்க்கப் புறநகர் வரை போவது நேரத்துக்குத் தகுமா?

நிச்சயமாகத் தகும். பில்பாவோவில் மெட்ரோ ஏறிச் சென்று பார்க்க வேண்டிய முதல் இடம் எதுவென்றால் இதையே சொல்வேன்.

ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் போர்ச்சுகலெத்தே ஒரு கரையிலும் லாஸ் அரேனாஸ் மறுகரையிலும் உள்ளன. உயர்ந்த பாய்மரக் கப்பல்கள் தடையின்றி நுழைய வேண்டும். அதே வேளை, ஆள்களும் வண்டிகளும் கரையைக் கடக்க வேண்டும். தாழ்ந்த கரைகளிலிருந்து உயரமான பாலத்துக்குச் சாய்தளம் அமைக்க இடமில்லை. ஆல்பர்த்தோ தே பலாசியோ என்ற பொறியாளர் இதற்குக் கண்ட விடை 1893இல் திறக்கப்பட்டது. கப்பல்களுக்கு மேலே, 45 மீட்டர் உயரத்தில், 160 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். அதன் தண்டவாளத்தில் உருளும் சக்கரங்கள். சக்கரங்களிலிருந்து கம்பி வடங்களில் தொங்கும் ஒரு கூண்டு. ஆள்களையும் கார்களையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கூண்டு நீருக்குச் சற்று மேலே மிதப்பதுபோல் மறுகரை சேர்கிறது. உலகில் இவ்வகையில் கட்டப்பட்ட முதல் பாலம் இதுவே. உள்நாட்டுப் போரின்போது 1937இல் மேற்சட்டம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டு, 1941இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2006இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இன்றும் வேலைக்குப் போகிறவர்களும் சந்தைப் பை தூக்கியவர்களும் அன்றாடம் பயன்படுத்தும் பாலம் இது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நடந்து ஏறுபவருக்குக் கட்டணம் மிகக் குறைவு. தனிக் கட்டணம் செலுத்தினால் மேற்சட்டத்திலுள்ள நடைபாதையிலும் செல்லலாம். உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவர்கள் கூண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆரேத்தா நிலையத்தில் இறங்கிப் பாலத்தைக் கடந்து, போர்ச்சுகலெத்தேயில் மெட்ரோ ஏறித் திரும்புங்கள். நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1995இல் திறந்த மெட்ரோ நிலையங்களையும், அவற்றின் கண்ணாடிக் குழல் வாயில்களையும் அப்படியே பார்த்ததாக ஆகிவிடும்.

கேள்வி: நாங்கள் சைவம். பாஸ்க் உணவகங்களில் பட்டினி கிடக்க நேருமா?

பட்டினி இல்லை, ஆனால் கவனம் தேவை. இங்குள்ள உணவின் பெருமையெல்லாம் கடலிலிருந்து வருவது. மதுக்கூடங்களின் மேடையில் சிறு சிறு ரொட்டித் துண்டுகளின்மேல் அடுக்கிவைத்திருக்கும் பின்ச்சோக்களில் பெரும்பாலானவற்றில் மீனோ பன்றியிறைச்சியோ இருக்கும். ஆலிவும் பச்சை மிளகாயும் கோத்த குச்சியைப் பார்த்தவுடன் எடுத்துவிடாதீர்கள். ‘கில்தா’ எனப்படும் அதில் நெத்திலியும் சேர்ந்திருக்கும். உருளைக்கிழங்குக் கூட்டு போலத் தெரியும் வெண்ணிறக் கலவையில் சூரை மீன் கலந்திருப்பது வழக்கம். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், பன்றித்தொடைத் துணுக்குகள் தூவிய காய்கறி வரக்கூடும். மீனும் ஹமோனும் (பன்றித்தொடை) வேண்டாம் என்று தனித்தனியே சொல்லிவிடுங்கள்.

தயங்காமல் கேட்கக்கூடியவை: எண்ணெயில் பொரித்து உப்புத் தூவித் தரும் கெர்னிகா பச்சை மிளகாய், செம்மறியாட்டுப் பாலில் செய்த இதியாசாபல் பாலாடைக்கட்டி. முட்டை உண்பவர்களுக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் கிடைக்கும். பிளாசா நுவேவா சதுக்கத்தின் வளைவுகளுக்குக் கீழே கடைக்குக் கடை நின்று ஒவ்வொன்று சாப்பிடுவதுதான் ஊர் வழக்கம். இரவு உணவுக்கு ஒன்பது மணிக்கு முன் பல உணவகங்கள் அடுப்பையே மூட்டுவதில்லை என்பதால், குழந்தைகளுடன் செல்பவர்களுக்கு இந்த மாலைநேரச் சிற்றுண்டி பெரிய உதவி.

கேள்வி: கால்பந்து ரசிகன் நான். சான் மமேஸ் அரங்கைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், உள்ளே அருங்காட்சியகமும் உண்டு. தற்போதைய அரங்கு 2013இல் திறக்கப்பட்டது. பாஸ்க் நிலத்தில் பிறந்தவர்களையோ அங்கே பயிற்சியில் வளர்ந்தவர்களையோ மட்டுமே ஆடவைக்கும் அத்லெதிக் அணி, 2024இல் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பெயின் மன்னர் கோப்பையை வென்றபோது, வீரர்களைப் பழைய சரக்குப் படகு ஒன்றில் ஏற்றி ஆற்றிலேயே ஊர்வலமாக அழைத்து வந்தார்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் செல்வது நல்லது? ஆகஸ்ட் திருவிழாவுக்குப் போகலாமா?

மே, ஜூன், செப்டம்பர். எந்த மாதமானாலும் மழைச்சட்டை வேண்டும். அட்லாண்டிக் கரையின் பூந்தூறல் கோடையிலும் வரும். ஆகஸ்ட் 15க்குப் பிந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும் அஸ்தே நகுசியா, 1978 முதல் இன்றைய வடிவில் கொண்டாடப்படுகிறது. விழாவின் சின்னமான, கைகளை உயர்த்திய மரிஹாயா பொம்மையும் இரவு வாணவேடிக்கையும் பார்க்கத்தக்கவை. ஆனால் தங்குமிடம் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் கிடைப்பது அரிது. இரவெல்லாம் ஓசை இருக்கும் என்பதால், உறக்கம் முக்கியம் என்பவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கவும்.

கேள்வி: கெர்னிகாவையும் கஸ்தெலுகாச்சே தீவையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

சொந்த வாகனம் இருந்தால் முடியும். ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டும் வெவ்வேறு மனநிலையைக் கேட்கும் இடங்கள்.

கஸ்தெலுகாச்சே, கல்பாலத்தால் கரையோடு இணைந்த ஒரு பாறைத்தீவு. 241 படிகள் ஏறினால் உச்சியில் புனித யோவான் சிற்றாலயம். அங்குள்ள மணியை மூன்று முறை அடித்து வேண்டிக்கொள்வது மரபு. படிகளை மட்டும் கணக்கிட்டு வருபவர்கள், கரையிலிருந்து பாலம் வரை இறங்கும் செங்குத்தான பாதையை மறந்துவிடுகிறார்கள். திரும்பி வரும்போது அதை ஏறுவதுதான் கடினம். கூட்டம் மிகுந்த காலங்களில் இலவச நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்.

கெர்னிகாவுக்குப் பழைய ஊரிலிருந்தே ரயில் உண்டு. ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். உள்நாட்டுப் போரில் கிளர்ச்சித் தளபதி பிராங்கோவுக்குத் துணையாக வந்த ஜெர்மனியின் காண்டோர் படைப்பிரிவும் இத்தாலிய விமானங்களும் குண்டுவீசி ஊரின் பெரும்பகுதியை எரித்தன. பாஸ்க் மக்கள் தங்கள் உரிமைகளின் அடையாளமாகப் போற்றும் கருவாலி மரமும், அதையடுத்த மன்றக் கட்டடமும் தப்பின. பழைய மரத்தின் அடித்தண்டை ஒரு சிறு மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். இன்று நிற்பது அதன் வழிவந்த மரம். இந்தக் குண்டுவீச்சை வைத்துப் பிக்காசோ வரைந்த ‘கெர்னிகா’ ஓவியத்தைத் தேடி இங்கே வராதீர்கள், அது மாட்ரிடில் உள்ளது. இங்கே இருப்பது ஓடுகளில் வரைந்த அதன் பிரதி. அமைதி அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கேள்வி: திங்கட்கிழமை அங்கே இருப்போம். என்ன செய்யலாம்?

கோடைக்காலம் நீங்கலாகக் குகன்ஹைம் திங்கட்கிழமைகளில் பொதுவாக மூடியிருக்கும். கெர்னிகா அருங்காட்சியகமும் அவ்வாறே. எனவே அன்று காலை தொங்கும் பாலத்தையும், பிற்பகல் அர்ச்சாந்தா மலையையும் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது பேருந்தில் ஒன்றேகால் மணி நேரத்தில் சான் செபஸ்தியானுக்குச் சென்று, லா கோஞ்சா கடற்கரையில் ஒரு நாளைச் செலவிட்டுத் திரும்புங்கள். ரயிலில் செல்வதானால் பேருந்தைப்போல் இருமடங்கு நேரமாகும் என்பதைக் கணக்கில் கொள்ளவும்.