கேள்வி பதில்: தத்துவம் வீட்டுக்கு ஆகுமா?

தத்துவம் படித்தால் கவலை குறையும் என்கிறார்கள். படித்துப் பார்த்தேன், குறையவில்லை. எங்கே தப்பு? – வாசகி, திருச்சி

படித்ததோடு நிறுத்திவிட்டீர்கள். வைத்தியர் சொல்வதையெல்லாம் கவனமாகக் கேட்டுவிட்டு எதையும் செய்யாத நோயாளிக்கு உடம்பு தேறாது. தத்துவத்தைப் பேச்சாக மட்டும் வைத்திருப்பவர் கதையும் அதுதான் என்று அரிஸ்டாட்டில் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

ரோமில் அடிமையாக இருந்து, பிறகு கிரேக்க நாட்டு நிக்கோபோலிஸ் நகரில் தத்துவப் பாடம் நடத்தியவர் எபிக்டெட்டஸ். அவரிடமிருந்து தொடங்குங்கள். நம் அபிப்பிராயம், விருப்பு வெறுப்பு, முயற்சி ஆகியவை நம் கையில். உடம்பு, சொத்து, பேர், பதவி நம் கையில் இல்லை. இதுதான் அவருடைய முதல் பாடம்.

இதை நோட்டில் எழுதித்தான் பழக வேண்டும். கவலைக்கு மூன்று வரி போதும். முதல் வரியில் நடந்தது மட்டும்: 'காலை அனுப்பிய மெசேஜுக்கு மேனேஜர் பதில் போடவில்லை.' இரண்டாவதில் நீங்கள் சேர்த்தது: 'என்னை மதிக்கவில்லை.' மூன்றாவதில் நாளை மதியத்துக்குள் உங்களால் ஆகக்கூடியது: 'பதினோரு மணிக்கு நேரில் கேட்பேன்.'

பெரும்பாலோர் முதல் வரியிலேயே சறுக்குவார்கள். 'திமிராகப் பதில் போடவில்லை' என்று எழுதினால் இரண்டாவது வரி முதல் வரிக்குள் நுழைந்துவிட்டது. 'திமிராக' என்பதை அடியுங்கள். 'மகன் எதிர்காலம்' என்று மொத்தமாக எழுதினாலும் பயனில்லை. 'வெள்ளிக்கிழமை இன்டர்வியூ' என்று நறுக்க வேண்டும். மூன்றாவது வரி காலியாக இருந்தால் இருக்கட்டும், இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம். 1950களில் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் தன் சிகிச்சை முறையை, நடந்தது வேறு, நாம் சேர்த்தது வேறு என்ற இந்தப் பிரிப்பின் மேல்தான் எழுப்பினார்.

ராத்திரி அன்றன்றைய தப்புகளை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்குத் தூக்கமே போய்விடுகிறதே? – வாசகர், மதுரை

படுத்துக்கொண்டு செய்யாதீர்கள். உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். பழைய ரோமின் தத்துவவாதி செனெகா விளக்கை அணைத்த பிறகு அன்றைய நாளைத் தனக்குத் தானே விசாரிப்பார். இன்று எந்தக் கெட்ட பழக்கத்தைச் சரி செய்தாய், எந்தக் குறையை எதிர்த்து நின்றாய், எதில் தேறினாய் என்ற கேள்விகளை செக்ஸ்டியஸ் என்ற முந்தைய தத்துவவாதியிடமிருந்து எடுத்துக்கொண்டார். நீங்கள் விட்டுவிட்ட ஒரு படி அவரிடம் இருக்கிறது: இனிமேல் இப்படிச் செய்யாதே, இந்த முறை மன்னித்தேன் என்று சொல்லி முடிப்பார். மன்னிப்பு இல்லாத விசாரணை வெறும் அசைபோடல்தான். தூக்கம் போகத்தான் செய்யும்.

வீட்டைக் காலி செய்து நாலு மாதம் ஆகிறது. ஓனர் அட்வான்ஸ் எண்பதாயிரத்தைத் தரவில்லை. 'பணத்தின் மேல் பற்று வைக்காதே' என்கிறார் நண்பர். – வாசகர், ஆவடி

உங்கள் நண்பர் தத்துவத்தைத் தப்பான இடத்தில் வைக்கிறார். ஓனரின் மனசு உங்கள் கையில் இல்லை. ஒப்பந்த நகலும், பணம் கட்டிய பேங்க் ஸ்டேட்மென்ட்டும், சாவி ஒப்படைத்த தேதியும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. முதலில் கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். பாதி நம் கையில் உள்ளதை முழுதுமே நம் கையில் இல்லை என்று எழுதிவிடுவதுதான் இந்தப் பயிற்சியில் நடக்கும் மிகப் பெரிய தப்பு. அப்படி எழுதினால் அநியாயம் செய்தவருக்குத்தான் லாபம். பணத்துக்காக அலையும்போது கோபத்தில் வேகாமல் இருக்க மட்டும் எபிக்டெட்டஸைக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டில் பிள்ளையை இழந்திருக்கிறார்கள். ஆறுதலாக என்ன தத்துவம் சொல்லலாம்? – வாசகி, காரைக்குடி

எதுவும் சொல்ல வேண்டாம். தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும்போது மருந்தாகும் வார்த்தையே, துக்கத்தில் இருப்பவரிடம் அடுத்தவர் சொன்னால் கல்லாக விழும். சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள், கூட உட்காருங்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசினால் காது கொடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் இருந்தாலோ, வாழவே வேண்டாம் என்ற பேச்சு வந்தாலோ தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் எடுக்கும், தமிழிலேயே பேசலாம்.