மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் படகில் சுற்ற வருபவர்கள் நீரோரமாக எங்கே சாப்பிடலாம், எங்கே ஒரு பியர் குடிக்கலாம்?

“நண்பர்கள் கொஞ்சப் பேர் ஓகஸ்டில் கிழக்கிலங்கைக்கு வருகிறோம். தாய்லாந்தில் செய்ததைப் போலப் படகிலேயே கரை கரையாகப் போய், இறங்கிய இடத்தில் சாப்பிட்டு, மாலையானால் தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பாரில் உட்கார ஆசை. எந்தெந்த இடங்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மட்டக்களப்பு கல்லடிக்காரன். ஆசை நல்ல ஆசைதான், ஆனால் தாய்லாந்துக் கணக்கு இங்கே சரிவராது. பாய்ப்படகைக் கொண்டுவந்து கட்டிவைக்க எங்கள் கரையில் மெரீனா கிடையாது. நாடு நாடாகப் பாய்விரித்து வருபவர்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்குத்தான் போவார்கள். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம் என்றாலும் ஆழம் குறைவு. தோணிக்கும் சின்ன இயந்திரப் படகுக்கும்தான் அது தோது. அதனால் ஒரே படகில் எல்லாவற்றையும் முடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வாவியில் ஒரு படகு, பாசிக்குடாவில் ஒரு படகு, பொத்துவிலில் ஒரு தோணி, நடுவில் வான். அப்படிப் பிரித்துக்கொண்டால் எல்லாம் நடக்கும்.

இடங்களைச் சொல்லுமுன் ஒரு விஷயம். இங்கே எந்த உணவகம் என்பதைவிட எப்போது சொல்லிவைத்தீர்கள் என்பதுதான் முக்கியம். இரவு எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்து மெனு அட்டையைத் திறந்தால், வாவி ஓரமானாலும் சரி, கடல் ஓரமானாலும் சரி, உங்களுக்கு வருவது ஃபிரைட் ரைஸும் டெவில்ட் சிக்கனும்தான். அதைக் கொழும்பிலேயே சாப்பிடலாம். அதே சமையலறைக்கு முதல் நாள் மாலை ஒரு போன் போட்டு, “நாளைக்கு மத்தியானம் ஆறு பேர், நண்டும் இறாலும், எங்கட முறையில” என்று சொல்லிப்பாருங்கள். சமையல்காரர் விடியவே சந்தைக்குப் போய்விடுவார். சுற்றுலாக்காரர்கள் அதிகம் வராத ஊர்களில் நல்ல நண்டை வாங்கிக் குளிர்பெட்டியில் அடைத்துவைத்துக் காத்திருக்க யாருக்கும் கட்டாது. சொன்னால்தான் வாங்குவார்கள்.

சரி, வாவிக்கு வருவோம். மட்டக்களப்பு நகரத்தின் நடுப்பகுதியான புளியந்தீவே ஒரு தீவுதான். பாலங்கள் இருப்பதால் ஊருக்கு வருகிறவர்களுக்கு அது தெரிவதில்லை, படகில் ஏறினால்தான் தெரியும். போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி 1638இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்ட கோட்டை தண்ணீரோரமாக நிற்பதையும் வாவியிலிருந்து பார்த்தால்தான் அழகு. பாலமீன்மடுப் பக்கம் 1913இல் கட்டிய வெளிச்சவீடு இருக்கிறது. அங்கே கண்டல் (அலையாத்தி) காடுகளுக்குள் கூட்டிப்போகும் படகுகள் கிடைக்கும். பிற்பகல் மூன்றரை, நாலு மணிக்குப் புறப்படுங்கள், அதற்கு முன் வேண்டாம். ஓகஸ்டில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து அனலாக வீசும். உச்சிவெயிலில் வாவியின் நடுவில் நின்றால் பசியே போய்விடும்.

இறங்கிச் சாப்பிடக் கல்லடிப் பக்கம் றிவியரா ரிசோர்ட்டைச் சொல்வேன். புதிய ஹோட்டல்களின் பளபளப்பு அதற்கு இல்லை. ஆனால் வாவிக்கரை ஓரமாகத் தோட்டம், எதிரே கல்லடிப் பாலம், மேற்கே பார்த்தால் சூரியன் விழுவது. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். உப்போடைப் பக்கம் ஈஸ்ட் லகூன் ஹோட்டலும் வாவியைப் பார்த்தபடிதான் இருக்கிறது. குளிரூட்டிய அறை, குழந்தைகள், வயதானவர்கள் என்று வருகிறவர்களுக்கு அது வசதி. எனக்குத் தோட்டத்துக் காற்றுதான் பிடிக்கும். இது என் ருசி, உங்கள் நண்பர்களில் யாருக்காவது நுளம்பு ஆகாதென்றால் ஈஸ்ட் லகூனுக்கே போங்கள்.

நண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறீர்கள். களப்பு நண்டு என்பது கடல் நண்டைவிட ஓடு தடித்தது, காலும் பெரியது. கேட்டால் சமைக்குமுன் கொண்டுவந்து காட்டுவார்கள். அளவைப் பார்க்காதீர்கள், தூக்கிப்பாருங்கள். பருமனுக்குக் கை கனக்க வேண்டும். அடிவயிற்று ஓட்டைப் பெருவிரலால் அமத்தினால் உள்ளே போகக் கூடாது. போனால் அது அண்மையில் ஓடு கழற்றியது, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். குழம்பு தேங்காய்ப்பாலில், வறுத்து அரைத்த மிளகாய்த்தூளுடன், இறக்குமுன் ஒரு கைப்பிடி முருங்கையிலை போட்டு வரும். அந்த இலை இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பச் சொல்லமாட்டேன், ஆனால் சமையல்காரர் எந்த ஊர் என்று விசாரிப்பேன். சோற்றைவிடப் பிட்டோடுதான் இது சேரும். ஆணத்தை, அதாவது குழம்பை, ஊற்றிக் குழைத்துக் கையால் சாப்பிடுங்கள், முள்ளுக்கரண்டி கேட்டால் தருவார்கள், பார்த்துச் சிரிக்கவும் செய்வார்கள். நண்டு வேண்டாம் என்பவர்களுக்குக் கொடுவா மீன் கிடைத்தால் விடாதீர்கள். எல்லாம் முடிந்தபின் எருமைத் தயிரும் பாணியும். தயிர் மண்சட்டியில் வந்தால் நல்லது.

பார் விஷயம். வாவியோரமாகத் தனியாக ஒரு பார், கூரையில் விளக்குத் தோரணம், பாட்டு என்று எதிர்பார்க்காதீர்கள். அனுமதிப்பத்திரம் உள்ள ஹோட்டல்களில் சாப்பாட்டு மேசையிலேயே லயன் பியர் கிடைக்கும், அவ்வளவுதான். ஊருக்குள் ‘பார்’ என்று பெயர்ப்பலகை போட்டிருப்பவை பெரும்பாலும் கம்பிவலைக்குப் பின்னால் நின்று போத்தல் கொடுக்கும் கடைகள். வாங்கிக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்து குடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பொது இடத்தில் குடிப்பது குற்றம், பொலிஸ் வரும். குடித்துவிட்டு வாவிப் படகில் ஏறுவதும் வேண்டாம். எங்கள் வாவியில் முதலை இருக்கிறது. படகோட்டி ஐயா ஒருவர் காலைத் தண்ணீரில் தொங்கவிட்ட பயணி ஒருவரிடம் சொன்னது: “மனே, காலை உள்ள எடு. அது உன்னட்ட டிக்கெட் கேக்காது.”

இன்னொரு கூத்தும் உண்டு. கல்லடிப் பாலத்தடியில் பௌர்ணமி இரவில் பாடும் மீனின் ஓசை கேட்கும் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைத்துக் கேட்பார்கள். அதற்காகவே திகதி பார்த்து வருகிறவர்கள் பலர். ஆனால் பௌர்ணமி என்றால் இலங்கையில் போயா தினம், நாடு முழுக்க மது விற்பனை தடை. மீன் பாடுகிற இரவில் உங்கள் கையில் செவ்விளநீர்தான் இருக்கும். இரண்டும் வேண்டுமானால் ஒரு நாள் முன்னதாக வந்து தங்குங்கள்.

பாசிக்குடா வேறு உலகம். நகரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர். குடாவுக்கு முன்னால் பவளப்பாறை இருப்பதால் அலை அடங்கி, வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான். 2011இலிருந்து பெரிய ஹோட்டல்கள் வரிசையாக வந்துவிட்டன: மாலு மாலு, உகா பே, சன்ரைஸ் பை ஜெட்விங் என்று. நீங்கள் கேட்ட மாதிரி மணலில் கால் புதைய, கையில் காக்டெயிலோடு கடலைப் பார்க்கும் இடம் இந்த மாவட்டத்தில் இங்கேதான். தங்காதவர்களும் சாப்பிட வரலாமா என்பது ஹோட்டலுக்கு ஹோட்டல், நாளுக்கு நாள் மாறும், அதனால் போன் பண்ணிக் கேளுங்கள். விலை வெளிநாட்டுக்காரர்களை நினைத்துப் போட்டது. ஒரு குறை: இது கிழக்குக் கரை, கடலில் சூரியன் உதிக்கத்தான் செய்யும், மறையாது. மாலைக் காக்டெயிலுக்குச் சிவந்த வானம் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும். அதனால் பாசிக்குடாவைக் காலைக்கு வையுங்கள். கண்ணாடி அடித்தளப் படகில் பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொதுக் கடற்கரையில் உள்ள சின்னக் கடைகளில் இறால் வடையும் பிளேன் டீயும். வாழைச்சேனையில் மீன்பிடித் துறைமுகமே இருக்கிறது, ஆக மீன் புதிதாக வரும். பாரை, விளைமீன், கணவாய், எது வந்ததோ அதைக் கேட்டுப் பொரிக்கச் சொல்லுங்கள்.

பக்கத்துக் கல்குடாவில் கடை குறைவு, ஆளும் குறைவு. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக நல்ல இடம்.

அறுகம்பைக்கு மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகத் தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அம்பாறை மாவட்டத்தில் நீங்கள் தேடும் பார் எல்லாம் இந்த ஒரே தெருவில்தான் இருக்கின்றன. அலைச்சறுக்குக்காக உலகம் முழுக்க இருந்து வருகிறவர்கள் ஓகஸ்டில் நெருக்கியடிப்பார்கள். இரைச்சல் வேண்டுமென்றால் தெற்கு முனையில் மாம்போஸ். சனிக்கிழமை இரவு ஆட்டம் பாட்டத்துக்குப் பெயர் போனது. எனக்கு அரைமணி நேரம் போதும். அமைதி வேண்டுமென்றால் களப்பு கடலோடு சேரும் பக்கம் ஸ்டார்டஸ்ட். டென்மார்க்காரர் தொடங்கிய பழைய இடம், மரநிழல், புத்தகம் வைத்துக்கொண்டு அரைநாள் உட்காரலாம். இந்தத் தெருவில் நம்முடைய குழம்பு தேடாதீர்கள், பீட்சாவும் பர்கரும் அவர்களுக்கு நன்றாக வரும், அதையே சாப்பிடுங்கள். சோறு கறிக்குப் பொத்துவில் பஸ்தரிப்புப் பக்கம் போனால் மத்தியானம் வயிறு நிறையும், காசும் மிஞ்சும்.

பொத்துவில் களப்பில் உள்ளூர் மீனவர்கள் தோணியில் கண்டல் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள். தண்டுவலித்துப் போவது, இயந்திரச் சத்தம் இல்லை. படகு விடுமுறை என்று நீங்கள் மனதில் வைத்திருப்பதற்கு மிகக் கிட்டியது இதுதான் என்பேன். காலையில் போய்விட்டுத் திரும்பி அறுகம்பையில் காலைச் சாப்பாடு.

ஒக்டோபருக்குப் பிறகு வருவதாக இருந்தால் இந்தப் பதில் செல்லாது. வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிடும், கடல் குழம்பும், அறுகம்பையில் பாதிக் கடை பூட்டிக்கிடக்கும்.

அப்புறம், வழியில் காத்தான்குடியை விட்டுவிடாதீர்கள். பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் அந்தத் தெருவில் மது கிடையாது. ஆனால் கொத்து ரொட்டிக்கும் புரியாணிக்கும் வட்டிலப்பத்துக்கும் நான் கல்லடியிலிருந்து அங்கேதான் போகிறேன். இரவில் போங்கள், தகட்டில் கொத்தும் சத்தமே கடையைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், நோன்பு மாதமென்றால் பகலில் சாப்பாடு இல்லை. சின்னக் கடைகளில் அட்டை எடுக்கமாட்டார்கள், சில்லறையாகக் காசு வைத்துக்கொள்ளுங்கள்.