பந்தயத்திற்கென்றே பிறந்த அபூர்வ கார்கள்: வாசகர் கேள்வி – பதில்

பெரிய இன்ஜின் பொருத்திய, அமெரிக்காவின் 1960களின் மசில் கார்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, கார் கம்பெனிகளே பந்தயத்திற்காகக் கட்டிய சோதனை மாதிரிகளை ஒரே ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பத்தியைப் பற்றியே கேட்கின்றன. எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு கம்பெனி தானே பந்தயக் காரைத் தயாரித்தது என்றால், அதை விளம்பரப்படுத்தி நிறைய விற்றிருக்கலாமே? பிறகு ஏன் ஐந்து, பதினான்கு என்று விரல்விட்டு எண்ணும் அளவிலேயே நின்றுவிட்டன? (கரூர் வாசகர்)

பதில்: இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது பந்தய விதிகள். கடையில் விற்கும் கார்களுக்கான பந்தயத்தில் ஒரு மாடல் கலந்துகொள்ள வேண்டுமானால், அதைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தயாரித்திருக்க வேண்டும். சர்வதேசப் பந்தய அமைப்பு 100 கார்களைக் கேட்டது. அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு ஒரு கட்டத்தில் 500 கார்களைக் கேட்டது. ஆகவே கம்பெனிகள் அந்த எண்ணிக்கையை எட்டும் அளவுக்கு மட்டுமே கட்டின. எட்ட முடியாதவை சோதனை மாதிரிகளாகவே நின்றுபோயின.

இரண்டாவது காரணம், கம்பெனிகள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தடை. 1957 ஜூனில் அமெரிக்கக் கார் தயாரிப்பாளர் சங்கம், உறுப்பினர்கள் எவரும் பந்தயங்களில் நேரடியாக ஈடுபடுவதில்லை என்று தீர்மானம் போட்டது. வெளியில் எல்லோரும் தலையசைத்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த காரைத் திங்கட்கிழமை ஷோரூமில் கேட்டு வருவார்கள் என்பது அந்த வியாபாரத்தில் இருந்த அனைவருக்கும் தெரிந்திருந்ததால், பின்கதவு வழியாகப் பந்தய வேலை நடந்துகொண்டே இருந்தது. 1962 ஜூனில் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு அந்தத் தீர்மானத்துக்கு இனிக் கட்டுப்பட மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்தார். ஜெனரல் மோட்டார்ஸ் நேர்மாறான திசையில் போயிற்று. அமெரிக்கக் கார் சந்தையில் பாதிக்கு மேல் தன் கையில் இருந்ததால், ஏகபோகம் என்று சொல்லி அரசு கம்பெனியை உடைத்துவிடுமோ என்ற அச்சம் அதன் தலைமைக்கு இருந்தது. 1963 ஜனவரியில் ஷெவர்லே, பாண்டியாக் உட்பட தன் எல்லாப் பிரிவுகளுக்கும் பந்தயத்தை நிறுத்துமாறு அது கண்டிப்பான உத்தரவு அனுப்பியது.

அந்த உத்தரவு வந்த நேரத்தில் பணிமனையில் பாதி வேலையில் நின்ற கார்கள்தாம் இன்று நாம் அபூர்வம் என்று கொண்டாடுபவை. முன்பக்கத் தகடுகள் அலுமினியத்தால் ஆன ஷெவர்லே இம்பாலா இசட்-11 வெறும் 57 கார்களோடு முடிந்தது. 1963 பிப்ரவரியில் புளோரிடாவின் டேட்டோனா களத்தில் நடந்த தகுதிப் பந்தயங்களில் மற்றவர்களைத் திணறடித்த ஷெவர்லேயின் புதிய 427 கன அங்குல இன்ஜினைப் பத்திரிகைகள் 'மர்ம இன்ஜின்' என்று அழைத்தன. அதன் வடிவமைப்பு இரண்டாண்டுகள் கழித்துத்தான் விற்பனைக் கார்களுக்கு வந்து சேர்ந்தது.

கேள்வி: எடையைக் குறைக்க காரின் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) ஓட்டை போட்டார்கள் என்று படித்தேன். உண்மையா? உடைந்துவிடாதா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: முழுக்க முழுக்க உண்மை. அந்தக் கார் 1963-ஆம் ஆண்டின் பாண்டியாக் கேட்டலினா. பாண்டியாக் பொறியாளர்கள் பந்தயத்திற்கென 421 கன அங்குலம், அதாவது சுமார் 6.9 லிட்டர் கொள்ளளவுள்ள 'சூப்பர் டியூட்டி' இன்ஜினை வைத்திருந்தார்கள். சக்தி போதுமான அளவு இருந்தது. ஆனால் கேட்டலினா ஒரு குடும்பமே தாராளமாக உட்கார்ந்து போகும் பெரிய கார். கால் மைல் தூரத்தை நேர்கோட்டில் ஓடிக் கடக்கும் டிராக் (drag) பந்தயத்தில் அந்தப் பருமனே அதற்கு எதிரி. மட்கார்டு, பானெட், பம்பர் ஆகியவற்றை அலுமினியத்தால் செய்தார்கள். அதுவும் போதாமல் சேஸிஸில் கைவைத்தார்கள். பெட்டி போல நாற்புறமும் மூடியிருந்த இரும்புச் சட்டத்தின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, மீதியில் நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய வட்டத் துளைகளைப் போட்டார்கள். கீழே படுத்துப் பார்த்தால், சல்லடையின் மேல் கார் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். துளைகள் நிறைந்த பாலாடைக்கட்டியின் பெயரால் அதை 'சுவிஸ் சீஸ்' என்று அழைத்தார்கள். இப்படிக் கட்டப்பட்டவை மொத்தம் 14.

உடையுமா என்ற கேள்வி மிகச் சரியானது. நீண்ட நாள் சாலைப் பயன்பாட்டுக்கு அந்த சேஸிஸ் ஏற்றதன்று. உலோகம் தளர்ந்து விரிசல் விடும். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதியைக்கூட அவர்கள் அலுமினியத்தில் வார்த்திருந்தார்கள். ஓர் ஓட்டம் பன்னிரண்டு வினாடி அளவில் முடிந்துவிடுவதால் அது தாங்கிற்று. அதே காரை ஊருக்குள் சற்று நேரம் ஓட்டினால் அந்தக் குழாய் உருகிவிடும். ஒரு பொருளின் ஆயுளை அது செய்யவேண்டிய ஒரே வேலையின் அளவுக்குச் சரியாக வெட்டி நிறுத்திய அந்தத் துணிவு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கேள்வி: கார்வெட் கிராண்ட் ஸ்போர்ட் ஐந்தே ஐந்துதான் உண்டா? அதன் கதையை விரிவாகச் சொல்ல முடியுமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: ஐந்தேதான், ஐந்தும் இன்றுவரை பிழைத்திருக்கின்றன. என்னைக் கேட்டால், அந்தக் காலகட்டத்தின் பந்தயக் கார்களில் இதைவிட மனத்தை வருத்தும் கதை வேறொன்றில்லை.

1962 இறுதியில், பந்தய வீரராக இருந்து கார் கட்டுபவராக மாறிய கரோல் ஷெல்பியின் கோப்ரா களத்துக்கு வந்தது. எடை குறைந்த ஆங்கிலேயக் காரின் உடலில் ஃபோர்டின் வி-8 இன்ஜினைப் பொருத்திய அந்தக் காரை, அழகிலும் வசதியிலும் குறையில்லாத, ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான புதிய கார்வெட்டால் எட்டிப்பிடிக்க முடியவில்லை. ஏனெனில் கார்வெட் அதைவிடப் பல நூறு கிலோ கூடுதல் எடையுடையது. கார்வெட்டின் பொறியாளரான ஸோரா ஆர்க்கஸ்-டன்டாவ் இதற்குப் பதிலாக ஒரு காரைத் திட்டமிட்டார். தோற்றத்தில் கார்வெட், உள்ளே கிட்டத்தட்ட எல்லாமே புதிது. ஏணி வடிவில் குழாய்களால் ஆன சேஸிஸ், மிக மெல்லிய ஃபைபர்கிளாஸ் உடல், கண்ணாடி மூடிக்குள் நிலையாகப் பொருத்திய ஹெட்லைட்டுகள். 1963-ஆம் ஆண்டின் கார்வெட்டுக்கு அடையாளமான இரண்டாகப் பிரிந்த பின்கண்ணாடியைக்கூட, பின்னால் வருபவர் தெரியவேண்டும் என்பதற்காக ஒரே கண்ணாடியாக மாற்றினார். கார் சுமார் 900 கிலோவுக்குள் அடங்கியது. கடையில் விற்ற கார்வெட் ஏறக்குறைய 1,360 கிலோ.

100 கார்கள் என்ற விதியை நிறைவேற்ற 125 கார்களைக் கட்டுவது அவருடைய திட்டம். ஐந்து முடிந்திருந்த நிலையில் 1963 ஜனவரி உத்தரவு வந்தது. டன்டாவ் அவற்றை உடைக்கவில்லை. தனியார் பந்தய வீரர்களிடம் கொடுத்தார். தேவையான எண்ணிக்கை இல்லாததால், அந்தக் கார்கள் தமக்குரிய பிரிவில் ஓட முடியாமல், பந்தயத்திற்கென்றே கட்டப்பட்ட இன்னும் வேகமான கார்களோடு மோதவேண்டியதாயிற்று. அப்படியும் டிக் தாம்ப்சன் அந்த ஆண்டு வாட்கின்ஸ் கிளென் களத்தில் ஒன்றை ஓட்டி வெற்றி பெற்றார்.

1963 டிசம்பரில் பஹாமாஸ் தீவிலுள்ள நாசோவில் நடந்த பந்தய வாரத்தில்தான் அதன் முழு வலிமை தெரிந்தது. மூன்று கார்கள் ஷெவர்லேயிடம் திரும்பி, அகலமான டயர்களுக்கேற்ப மட்கார்டுகள் விரிக்கப்பட்டு, நான்கு வெபர் கார்பரேட்டர்களோடு கூடிய 377 கன அங்குல அலுமினிய இன்ஜினைப் பெற்று, டெக்சாஸைச் சேர்ந்த ஜான் மீக்கமின் அணியின் பெயரில் இறங்கின. ரோஜர் பென்ஸ்கீ, ஜிம் ஹால், ஆகி பாப்ஸ்ட் முதலியோர் ஓட்டினார்கள். ஷெவர்லே பொறியாளர்கள் சிலர் அதே வாரத்தில் விடுமுறைக்கென்று அந்தத் தீவுக்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். கோப்ராக்கள் பின்னால் விடப்பட்டன.

குறையே இல்லாத கார் என்று நான் சொல்லவில்லை. அந்த உடல் வேகம் கூடக்கூட விமானத்தின் இறக்கை போல நடந்துகொண்டு, முன்பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்த்தது. நாசோவில், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியல் சூடேறியதால், அதற்குக் குளிரூட்டும் அமைப்பைக் காரின் பின்மேற்புறத்தில் பொருத்த வேண்டியிருந்தது. இவையெல்லாம் ஓரிரு ஆண்டு உழைப்பில் தீர்ந்திருக்கக்கூடியவை. அந்த ஓரிரு ஆண்டுகளைத்தான் டன்டாவுக்குக் கொடுக்கவில்லை. நாசோ வெற்றியின் செய்தி தலைமை அலுவலகத்தை எட்டியதும் கதவு இறுக்கமாகச் சாத்தப்பட்டது. 1964 டேட்டோனா பந்தயத்திற்காகக் கூரையை வெட்டித் திறந்த காராக மாற்றிய முதல் இரண்டு கார்களும் அந்தப் பந்தயத்திற்குப் போகவே இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என் மைத்துனரிடம் 1964 ஃபோர்டு ஃபேர்லேன் ஒன்றை 'தண்டர்போல்ட்' என்று சொல்லி விற்கப் பார்க்கிறார்கள். அது என்ன கார்? அசல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (சேலம் வாசகர்)

பதில்: ஃபேர்லேன் நடுத்தர அளவுள்ள சாதாரணக் கார். அதில் 427 கன அங்குல, அதாவது 7 லிட்டர் இன்ஜினைத் திணித்து, டிராக் பந்தயத்திற்காக ஃபோர்டு 100 கார்களை உருவாக்கியது. வேலையைச் செய்தது டியர்பார்ன் ஸ்டீல் டியூபிங் என்ற நிறுவனம். முன்பக்கம் இருக்கும் நான்கு ஹெட்லைட்டுகளில் உட்புறம் உள்ள இரண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வலைபோட்டு, அங்கிருந்து கார்பரேட்டர்களுக்குக் குளிர்ந்த காற்று போகக் குழாய் அமைத்தார்கள். லாரிக்குரிய கனமான பேட்டரியை டிக்கியில் வைத்தார்கள். புறப்படும்போது பின்சக்கரங்கள் வழுக்காமல் அந்த எடை அழுத்திப் பிடிக்கும். பானெட் ஃபைபர்கிளாஸ், ரேடியோ, ஹீட்டர், கார்பெட் எதுவும் கிடையாது. முதல் 11 கார்கள் அடர்சிவப்பு, மற்றவை வெள்ளை.

கிளவ் பாக்ஸ் மூடியின் உட்புறம் ஒரு சிறு உலோகத் தகடு உண்டு. இது எடை குறைத்துக் கட்டப்பட்ட போட்டிக் கார் என்பதால், வெளித்தகடுகளின் பொருத்தமும் பூச்சின் தோற்றமும் ஃபோர்டின் வழக்கமான தரத்தில் இருக்காது என்று அதில் எழுதியிருக்கும். தன் காரின் குறையைத் தானே அச்சடித்து ஒட்டிக் கொடுத்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்தத் தகட்டை மட்டும் நம்பவேண்டாம். அதைப் போலியாகச் செய்வது எளிது.

அடையாள எண்ணைப் பாருங்கள். ஃபேர்லேனுக்கு 427 இன்ஜின் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாததால், தண்டர்போல்ட்டின் எண்ணில் 289 கன அங்குல இன்ஜினுக்குரிய 'கே' என்ற எழுத்தே இருக்கும். சாதாரண கே-எழுத்து ஃபேர்லேன் ஒன்றைத் தண்டர்போல்ட்டாக மாற்றிக் காட்டுபவர்களுக்கு இதுவே வசதியாகப் போய்விடுகிறது. எனவே அந்த மாடலுக்குப் பதிவேடு வைத்திருக்கும் ஆர்வலர்களிடம் எண்ணைக் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். பெரிய இன்ஜினுக்கு இடம் விடுவதற்காக முன்சக்கர ஸ்பிரிங் கூடுகளை வெட்டி மாற்றியிருக்கும் விதத்தைத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் வார்ப்பில் இருக்கும் தேதி காரின் தேதிக்குப் பிற்பட்டதாக இருந்தால் உடனே நிராகரித்துவிட வேண்டாம். பந்தயக் கார்களில் இன்ஜின் மாற்றுவது சகஜம். முதல் உரிமையாளரிலிருந்து இன்றுவரை யார் யார் கையில் இருந்தது என்ற ஆவணமும், அக்காலப் பந்தயப் புகைப்படங்களும் இல்லாவிட்டால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பணத்தை நீட்டவேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சக்கரங்கள் இடம் மாறிய கார்கள் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அது என்ன? (மதுரை வாசகர்)

பதில்: 1965-இல் கிரைஸ்லர் கம்பெனி சில டாட்ஜ், பிளிமத் கார்களின் பின் ஆக்ஸிலை 15 அங்குலமும் முன் சக்கரங்களை 10 அங்குலமும் முன்னால் தள்ளி வைத்தது. கார் நகராமல் உடல் மட்டும் பின்னால் இழுக்கப்பட்டது போலிருக்கும். இதனால் மொத்த எடையில் பெரும்பங்கு பின்சக்கரங்களின் மேல் விழுந்து பிடிமானம் கூடிற்று. உடற்கூட்டை அமிலத் தொட்டியில் முக்கித் தகட்டையே மெலிதாக்கினார்கள். இது கடையில் விற்கும் கார் என்ற வரையறைக்குள் வராது என்று டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ மறுத்துவிட்டது. கார்கள் நேருக்கு நேர் சவால் பந்தயங்களில் ஓடிக் கூட்டத்தைச் சேர்த்தன. அவற்றின் விசித்திரமான தோற்றத்தால் வந்ததே 'ஃபன்னி கார்' என்ற பெயர்.

கேள்வி: பெரிய இறக்கை வைத்த டாட்ஜ் டேட்டோனாவும் இந்த வரிசையில் சேருமா? (கோவை வாசகர்)

பதில்: கடையில் விற்ற டேட்டோனா சேராது, நாஸ்கார் விதிக்காக அதை 500 அளவில் தயாரித்து விற்றார்கள். ஆனால் 1970 மார்ச்சில் டல்லடேகா களத்தில் பந்தய வீரர் படி (Buddy) பேக்கர் மணிக்கு 200 மைலுக்கும் மேல், அதாவது 322 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிய 88-ஆம் எண் டேட்டோனா, கிரைஸ்லர் கம்பெனியின் சொந்தச் சோதனைக் கார். அது தாராளமாகச் சேரும். அதற்குப் போட்டியாக ஃபோர்டு உருவாக்கத் தொடங்கிய கூர்மூக்கு 'கிங் கோப்ரா', அதை ஆதரித்த தலைவர் பங்கி நுட்சன் 1969 செப்டம்பரில் பதவி நீக்கப்பட்டதோடு சில மாதிரிகளோடு நின்றுவிட்டது.

கேள்வி: இவற்றை நேரில் பார்க்க முடியுமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: முடியும். கிராண்ட் ஸ்போர்ட்டின் இரண்டாவது கார், கூரை வெட்டப்பட்ட நிலையிலேயே, பிலடெல்பியாவின் சிமியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான்காவது கார் புளோரிடா மாநிலம் நேபிள்ஸிலுள்ள ரெவ்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. சிமியோனில் குறிப்பிட்ட நாள்களில் பழைய பந்தயக் கார்களைக் கட்டடத்தின் பின்புறத் திடலில் ஓட்டிக் காட்டுகிறார்கள். அன்று எந்தெந்தக் கார்கள் வெளியே வருகின்றன என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் பயணத் தேதியை முடிவு செய்யுங்கள். இந்தக் கார்களைச் சத்தத்தோடு பார்ப்பதற்காக ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் தகும்.