சிமெண்ட் பூசவா இவனைப் படிக்க வைத்தேன்?

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை மேற்படிப்பு பற்றிக் கேட்க நீங்கள் உங்கள் மகனோடு, நம் தம்பியோடு, கோயில் மண்டபத்துக்கு வந்தபோது உங்களுக்குப் பின்னால் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அவசரத்தில் பாதிதான் பேச முடிந்தது. நீங்கள் எழுந்து போகும்போது கேட்ட கேள்வி மட்டும் காதிலேயே நிற்கிறது: "சிமெண்ட் பூசவா சார் இவனப் படிக்க வச்சேன்?" அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். தம்பியின் அப்பாவான அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள். அவர் உள்ளே வராமல் வாசலில் மோட்டார் சைக்கிளிலேயே உட்கார்ந்திருந்தார். முக்கால்வாசி கேள்வி அவருடையதுதான் என்று எனக்குத் தெரியும்.

முதலில் அந்தத் துண்டைப் பற்றி. தம்பி பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தானே, அவன் வேலை செய்யும் கம்பெனியில் செய்தது, தாமான் (குடியிருப்பு) வீட்டுச் சன்னலுக்கு மேலே மாட்டும் அலங்கார விளிம்பில் உடைந்த துண்டு. முன்பக்கம் வழவழவென்று கல் மாதிரி. பின்பக்கம் ரோலர் ஓடிய தடம். தடிமன் என் சுண்டுவிரல் அளவு, 12 மில்லிமீட்டர். உடைந்த ஓரத்தில் நரைமுடி மாதிரி வெள்ளை நார் நீட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் தொடப் போனீர்கள், "குத்தும்மா" என்று அவன் கையைப் பிடித்தான். அப்புறம் அவனாகவே சொன்னான்: அச்சில் முதலில் நார் இல்லாத மெல்லிய படை, அதன்மேல் நாரோடு மூன்று படை, ஒவ்வொரு படைக்கும் ரோலர். "ரோலர் சரியா ஓட்டலன்னா உள்ள காத்து நிக்கும் சார், வெளிய பாத்தா தெரியாது." மூன்று மாதம் சம்பளத்துக்கு மட்டும் போனவன் இப்படிப் பேச மாட்டான் அக்கா. நம் மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய பேர் வேலைக்குப் போகிறார்கள். தான் செய்யும் பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

இந்தப் பொருளுக்கு நம் ஊர் சைட்டில் ஜி.ஆர்.சி. என்று பெயர். கண்ணாடி நார் கலந்த கான்கிரீட். வீட்டு மேல் வைக்கும் தண்ணீர்த் தொட்டி, படகு எல்லாம் ஃபைபர்கிளாஸில் செய்கிறார்களே, அதுவா என்று கேட்டீர்கள். அது இல்லை. அதில் நாரைப் பிடித்திருப்பது பிசின், இதில் சிமெண்ட். ஹோட்டல் சீலிங்கில் பூ வேலைப்பாடு பார்த்திருப்பீர்கள், அது ஜிப்சத்தில் கண்ணாடி நார் கலந்தது, அதற்கு ஜி.ஆர்.ஜி. என்பார்கள். மூன்றும் வேறு வேறு தொழில். வேலை விளம்பரம் பார்க்கும்போது தம்பி இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கான்கிரீட்டை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் வெடிக்கும். அதனால்தான் உள்ளே இரும்புக் கம்பி. கம்பி துருப்பிடிக்காமல் இருக்க அதைச் சுற்றிக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், அதனால் எதைச் செய்தாலும் கனமாகத்தான் வரும். கண்ணாடி நார் துருப்பிடிக்காது, மூடி வைக்க வேண்டியதில்லை. எனவே 10 முதல் 15 மில்லிமீட்டரில் ஒரு தகடே செய்துவிடலாம். 100 மில்லிமீட்டர் கான்கிரீட் சுவர்த் துண்டு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ இருக்கும். அதே இடத்தில் ஜி.ஆர்.சி. தகடு சுமார் 25 கிலோ. தாங்கும் சட்டத்தையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பாரம் குறைந்தால் தூக்குகிற கிரேனும் சின்னதாகப் போதும், கட்டடத்துக்கும் சுமை குறையும். இதற்காகத்தான் கட்டடத்தின் வெளித்தோலுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். தூணும் உத்தரமும் இதில் செய்வதில்லை.

"கண்ணாடியப் போயி சிமெண்ட்ல போட்டா நிக்குமா?" என்று அண்ணன் கேட்டிருந்தால் நான் மெச்சியிருப்பேன், அது சரியான கேள்வி. சாதாரணக் கண்ணாடி நார் நிற்காது. சிமெண்ட் கடுமையான காரம், நாரை அரித்துத் தின்றுவிடும். 1960-களில் பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் மஜும்தார் என்ற விஞ்ஞானி (பெயரைக் கேட்டாலே நமக்கு ஒரு நெருக்கம்) சிர்க்கோனியா சேர்த்த கண்ணாடி காரத்தைத் தாங்கும் என்று கண்டுபிடித்தார். பில்கிங்டன் நிறுவனம் அதை 1971-இல் செம்-ஃபில் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அஸ்பெஸ்டாஸ் சிமெண்டுக்கு மாற்று தேடிக்கொண்டிருந்த காலம் அது.

அஸ்பெஸ்டாஸ் என்றதும் அண்ணனின் பயத்துக்கு வருகிறேன். "நாரு தூளு நெஞ்சுல போயி ஒட்டிக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் பயன்படும் கண்ணாடி இழை பொதுவாக 14 மைக்ரான் அளவு கொண்டது, சில வகை இன்னும் பெரியது. நுரையீரலின் அடிவரை போக இழை 3 மைக்ரானுக்கும் மெல்லியதாக இருக்க வேண்டும். இது தோலில் அரிக்கும், குத்தும், சாயங்காலம் குளித்தாலும் கழுத்தில் நமநமக்கும். ஆனால் அஸ்பெஸ்டாஸ் மாதிரி பிரிந்து பிரிந்து மெலிகிற வகை இல்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு. தகட்டை கிரைண்டர் வைத்து அறுக்கும்போது, தேய்க்கும்போது மணலின் சிலிக்கா தூள் பறக்கும். அது நெஞ்சுக்கு ஆகாது, வருடக்கணக்கில் உள்ளே போனால் திரும்ப வழி கிடையாது. அந்தக் கம்பெனியில் தண்ணீர் விட்டு அறுக்கிறார்களா, சரியான முகமூடி கொடுக்கிறார்களா, இல்லை முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அறுக்கிறார்களா என்று தம்பியிடம் கேளுங்கள். துண்டு கட்டிக்கொண்டுதான் என்றால் நாளையிலிருந்தே போக வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஈர சிமெண்ட் கையைப் புண்ணாக்கும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்பது அவனுக்கே தெரிந்திருக்கும்.

இனி உங்கள் கேள்வி. சிமெண்ட் பூசுவது கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன், நீங்களும் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. முப்பது வருடம் செம்பனைக் காட்டில் உழைத்துவிட்டு, அடுத்த தலைமுறையாவது நிழலில் உட்கார வேண்டும் என்று நினைப்பது நியாயம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கலவையையும் நாரையும் அச்சில் அடிக்கும் ஸ்பிரே துப்பாக்கியைப் பிடிக்கும் வேலையிலேயே தம்பி நின்றுவிட்டால் அவனுக்கு எதிர்காலம் குறைவு. அந்த இடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களோடு சம்பளத்தில் போட்டி போட வேண்டும், அதில் ஜெயிக்க முடியாது. அந்தக் கொட்டகையில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஆர்க்கிடெக்ட் கொடுத்த படத்தைத் தகடு தகடாகப் பிரித்து வரைபவர் ஒருவர். அச்சு செய்பவர் ஒருவர். தரம் பார்ப்பவர் ஒருவர். சைட்டில் நின்று மாட்ட வைப்பவர் ஒருவர். ஆள் கிடைக்காமல் தவ்கே (முதலாளி) தலையைச் சொறிவது இந்த நான்கு இடத்துக்குத்தான்.

அச்சு வேலை நமக்கு அந்நியமில்லை. கோபுரத்துச் சுதை வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வந்து மாதக்கணக்கில் தங்கிச் செய்வதை நம் ஊரிலேயே பார்த்திருக்கிறோம். ஒன்று சொல்ல வேண்டும், பத்துமலை முருகன் சிலையும் ஜி.ஆர்.சி.தானா என்று தம்பி கேட்டான். இல்லை. 2006-இல் திறந்த அந்த 42.7 மீட்டர் சிலை, கம்பி கட்டிச் செய்த கான்கிரீட். ஜி.ஆர்.சி.யின் பலம் வேறு: ஒரே அச்சில் ஐம்பது தடவை அதே பூவை எடுக்கலாம். பள்ளிவாசல்களில் துளைத் துளையாகத் தெரியும் தடுப்புச் சுவர், குவிமாடத்தின் வெளி ஓடு, புது தாமான்களில் வாசல் தூணின் தலைப்பு என்று நம் நாட்டில் கண்ணில் படும் இடமெல்லாம் இருக்கிறது. வெளிநாட்டில் பெரிய உதாரணம் கேட்டால், அஸர்பைஜானின் பாக்கு நகரில் ஸாஹா ஹடித் வடிவமைத்து 2012-இல் முடிந்த ஹைதர் அலியெவ் மையம். போர்வையை உதறிப் போட்ட மாதிரி வளைந்திருக்கும். அதன் தோலில் இந்தப் பொருளும் இருக்கிறது.

தரம் பார்க்கும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தம்பியின் குணத்துக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஸ்பிரே முறையில் நார் எடையில் சுமார் 5 சதவிகிதம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தினமும் ஒரு சோதனைத் தகடு அடித்து, ஈரம் காய்வதற்குள் ஒரு துண்டை வெட்டி, சிமெண்டையும் மணலையும் கழுவி ஓட்டிவிட்டு மிச்சமிருக்கும் நாரைக் காய வைத்து நிறுக்க வேண்டும். இன்னொரு துண்டை 28 நாள் கழித்து வளைத்து உடைத்துப் பார்க்க வேண்டும். காரம் தாங்கும் கண்ணாடி என்றாலும், சூடும் ஈரமும் சேர்ந்தால் வருடங்கள் போகப் போக அதன் இழுவை பலம் இறங்கும். நம் நாட்டுக்கு இரண்டுமே பஞ்சமில்லை. எனவே புதுத் தகட்டின் பலத்தை நம்பிக் கணக்குப் போடக் கூடாது, வயதான பிறகு மிச்சமிருக்கும் பலத்தை வைத்துத்தான் போட வேண்டும். தகடு வெயிலில் விரியும், மழையில் ஊறும், காய்ந்தால் சுருங்கும். அதைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினால் விரிசல்தான். அசைய இடம் கொடுக்கும் வளைகம்பிகளால் பிடிக்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்தவன் கையெழுத்துப் போட்டால்தான் ஐந்தாவது மாடியிலிருந்து தகடு யார் தலையிலும் விழாமல் இருக்கும். இந்த வேலைக்குப் படிப்பு வேண்டும் அக்கா. அதனால் "வேலை பிடித்திருக்கிறது, படிப்பு வேண்டாம்" என்று அவன் சொன்னால் நான் உங்கள் பக்கம்.

எந்தப் படிப்பு என்பதில்தான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. நீங்கள் கொண்டுவந்த தனியார் கல்லூரி நோட்டீஸைப் படித்தேன். அடித்தளக் கல்வியிலிருந்து சிவில் பட்டம் வரை, ஐந்து இலக்கக் கடன். தம்பியின் முன்னோட்டத் தேர்வில் கணிதம் நன்றாகவே இருக்கிறது, இயற்பியல் சுமார்தான். என் யோசனை, அரசாங்க உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் யூ.பி.யூ.வில் பொலிதெக்னிக் சிவில் டிப்ளோமாவை முதல் இடத்தில் போடுவது. 30 கிலோமீட்டரில் ஈப்போவிலேயே பொலிதெக்னிக் உங்கு ஓமார் இருக்கிறது. 1969-இல் தொடங்கிய நாட்டின் முதல் பொலிதெக்னிக். கட்டணம் சில நூறு வெள்ளி (ரிங்கிட்) கணக்குதான். படிப்போடு தொழிற்பயிற்சியும் உண்டு, அதை ஜி.ஆர்.சி. கம்பெனியிலேயே செய்யலாம். இப்போது மூன்று மாதம் நல்லபடியாக வேலை செய்து முடித்தால் அப்போது கதவு திறக்கும். டிப்ளோமா முடித்து நல்ல புள்ளி இருந்தால் யூ.டி.எச்.எம். மாதிரியான அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பொறியியலாளர் வாரியத்தில் பதிவதற்கு அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். டிப்ளோமாவோடு நின்றாலும் சைட் மேற்பார்வைக்கு வழி இருக்கிறது, ஆனால் இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ள முடியாது.

தனியார் கல்லூரியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பல வருடத்துக்கு முன் நானே ஒரு பையனை, நோட்டீஸில் இருந்த அழகான படத்தை நம்பி ஒரு கல்லூரிக்கு அனுப்பினேன். பாடத்திட்டத்துக்கு அங்கீகாரம் "வந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். அவன் மூன்றாவது ஆண்டுக்குப் போனபோதும் வந்துகொண்டேதான் இருந்தது. அவன் அப்பாவை இன்றும் பாசாரில் பார்த்தால் நான் வேறு வரிசையில் போகிறேன். அன்றிலிருந்து, உயர்கல்விப் பாடங்களுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. பதிவேட்டில் அந்தப் பாடத்தின் பெயரையே கண்ணால் பார்க்காமல் யாருக்கும் சரி என்று சொல்வதில்லை. பொறியியல் பட்டம் என்றால் வாரியத்தின் அங்கீகாரமும் தனியாகப் பார்க்க வேண்டும். நீங்கள் கொண்டுவந்த நோட்டீஸில் கல்லூரியின் பெயர் பெரிதாக இருக்கிறது, பாடத்தின் அங்கீகார எண் எங்கும் இல்லை. அதைக் கேட்டு வாங்கும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. ஜி.ஆர்.சி.யைக் காதலி, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதே. இந்தத் தொழில் கட்டுமானச் சந்தையோடு ஏறி இறங்கும். தாமான் கட்டுவது நின்றால் முதலில் நிற்பது அலங்கார வேலைதான். அதனால் சிவிலை முழுதாகப் படி. கணினியில் வரையக் கற்றுக்கொள், முப்பரிமாண வரைபடம் தெரிந்தவனுக்கு அச்சுப் பட்டறையில் தனி மரியாதை. ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை பிழையில்லாமல் எழுதப் பழகு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த நாம் பலர் தடுக்கி விழுவது கணிதத்தில் இல்லை, அந்த ஒரு பக்கத்தில்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ரிசல்ட் வந்த பிறகு யூ.பி.யூ.வில் வரிசையை மாற்றக் கொடுக்கும் நாட்கள் கொஞ்சம்தான், கைப்பேசியில் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். பஹாசா மலேசியாவும் சரித்திரமும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது, அந்த இரண்டையும் முதலில் பாருங்கள். கட்டுமான இடத்துக்குப் போகிறவன் என்பதால் கட்டுமானத் தொழில் வாரியமான சி.ஐ.டி.பி. தரும் அட்டை எடுத்திருக்கிறானா என்று கேளுங்கள், ஒரு நாள் பாதுகாப்பு வகுப்புதான்.

அண்ணனிடம் ஒரு வேண்டுகோள். லீவு கிடைக்கும் ஒரு நாளில், கம்பெனியில் அனுமதி கேட்டு, தம்பி வேலை செய்யும் இடத்தை அவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். காலையிலேயே போகச் சொல்லுங்கள், கலவை போட்டு ஸ்பிரே அடிப்பது அப்போதுதான். செருப்பு வேண்டாம், சப்பாத்து போட்டுக்கொள்ளட்டும். பார்த்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வாசலில் நிற்காமல் உள்ளே வரச் சொல்லுங்கள். அந்த உடைந்த துண்டு என் மேசையில்தான் இருக்கிறது, தம்பி அப்போது எடுத்துக்கொள்ளலாம்.