கணக்காளரும் கிங் சீட்டும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன், ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு வேலை. இரண்டு வருடமாகச் சனிக்கிழமை இரவுகளில் நண்பர்களோடு போக்கர் ஆடுகிறேன், பெரும்பாலும் நான்தான் ஜெயிக்கிறேன். கிறிஸ் மணிமேக்கரும் கணக்காளர்தானே, 86 டாலர் போட்டு போக்கர் உலகப் பட்டம் வாங்கவில்லையா? ஒரு வருடம் வேலையை விட்டு முழுநேரமாக ஆடிப் பார்க்கலாமா? வீட்டில் சூதாடி என்கிறார்கள். அவர் ஜெயித்தது அதிர்ஷ்டமா, திறமையா?

ஈசூன் வாசகர்

அன்புள்ள தம்பி,

இரண்டும்தான். திறமையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு ஆட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 2003, லாஸ் வேகஸ், கடைசி இருவர். எதிரே சாமி ஃபர்ஹா, தொழில்முறை ஆட்டக்காரர், அவருக்கு ஒன்பதாம் சீட்டில் ஒரு ஜோடி. மணிமேக்கர் கையில் கிங்கும் ஏழும், எதிர்பார்த்த ஸ்பேடு சீட்டும் வரவில்லை, வரிசையும் சேரவில்லை, ஒன்றுமே இல்லை. ஆனாலும் பலமான சீட்டு இருப்பதுபோல் மொத்தத்தையும் பந்தயமாக முன்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஃபர்ஹா யோசித்து யோசித்துக் கடைசியில் சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டார். ஆளுக்கு என்ன சீட்டு என்று கேமரா நமக்குக் காட்டிவிடுவதால் பார்க்கிற நமக்குத்தான் படபடப்பு. 10,000 டாலர் நுழைவுக் கட்டணப் போட்டிக்கு, அந்த நுழைவையே பரிசாகத் தரும் இணையத் துணைப் போட்டி வழியாக வந்தவர், 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலரோடு போனார்.

இனி அதிர்ஷ்டம். அடுத்த வருடம் 2,576 பேர், காப்புரிமை வழக்கறிஞர் கிரெக் ரேமர் ஜெயித்தார். 2005இல் 5,619 பேர், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜோ ஹாஷெம், முதுகெலும்பு வைத்தியர். 2006இல் 8,773 பேர், தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஜேமி கோல்ட். நீங்கள் கணக்காளர், நீங்களே சொல்லுங்கள், வந்த கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் வேறு வேலை பார்ப்பவர்களாக இருந்தால் ஜெயிப்பவரும் அவர்களில் ஒருவராக இருப்பதில் என்ன ஆச்சரியம்? நமக்கு அந்த ஒருவர் பெயர் தெரியும். மீதி 8,772 பேரில் எத்தனை கணக்காளர்கள் கட்டணத்தை விட்டுவிட்டு விமானம் ஏறினார்களோ! இந்த நால்வரில் யாரும் அந்த முக்கியப் போட்டியை மறுபடி ஜெயித்ததில்லை, மணிமேக்கர் உட்பட. 2007இல் ஜெயித்த ஜெர்ரி யாங், லாவோஸில் பிறந்து அகதியாக அமெரிக்கா போன மனநல ஆலோசகர், 82.5 லட்சம் டாலர் வாங்கினார். வரி பாக்கிக்காக அவருடைய வெற்றிக் காப்பையே 2013இல் வரித்துறை ஏலம் விட்டது.

சரி, உங்கள் விஷயம். சனிக்கிழமை ஜெயிக்கிறீர்கள், ஆனால் அதே நான்கைந்து பேரை, அவர்கள் எப்போது இருமுவார்கள் என்பதுகூடத் தெரிந்த ஆட்களை. வீட்டில் ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்தயப் பணத்தில் யாரும் பங்கு எடுப்பதில்லை, சூதாட்ட அரங்கில் எடுப்பார்கள். மரீனா பேயிலோ செந்தோசாவிலோ உட்காருவதற்கு முன்பே உள்ளூர்க்காரர் ஒரு நாளைக்கு 150 வெள்ளி, வருட அனுமதி என்றால் 3,000 வெள்ளி கட்ட வேண்டும். மணிமேக்கர் போன இணைய வழியோ இங்கே சட்டவிரோதம். நண்பர்களுக்குள் ஆடுவதில் 2022 சட்டம் விட்டுவைத்திருப்பது வீட்டில் நேரில் ஆடும் ஆட்டத்தை மட்டும்தான். வேலையை விடாதீர்கள். விடுமுறை எடுத்துக்கொண்டு, தொலைந்தால் தூக்கம் கெடாத தொகையோடு, வெளிநாட்டில் ஒரு சின்னப் போட்டியில் முன்பின் தெரியாத ஆட்களோடு ஆடிப் பாருங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், ஒளித்துப் போனால்தான் சூதாடி.

எங்கள் வீட்டிலும் தீபாவளி இரவில் 10 காசு ஆட்டம் உண்டு, மூன்று வருடமாக என் மச்சானிடம் தோற்கிறேன். அவரை வீழ்த்த உங்களைக் கூப்பிடலாம் என்று பார்த்தால், ஒருவரையொருவர் அறிந்தவர்கள்தான் ஆடலாம் என்கிறது சட்டம். தேக்காவில் ஒரு டீ குடித்துப் பழகிவிட்டு அப்புறம் பார்ப்போம்.