மூல ஆபரேஷன்: சிஸ்டரிடம் கேளுங்கள்

சர்ஜிக்கல் வார்டில் 22 வருஷம் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர் இல்லை, மாத்திரை பேர், டோஸ் கேட்காதீர்கள்.

கேள்வி: அடுத்த வாரம் ஆபரேஷன். அப்புறம் முதல்முறை வெளிக்குப் போகும்போது உயிரே போய்விடுமாமே?

பதில்: போகாது. வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதிகம் அலறுவது யார் தெரியுமா? பயந்து சாப்பிடாமல் கிடந்து, வந்ததையும் அடக்கினவர்கள்தான். ஒரு பெரியவர் நாலு நாள் இளநீர் மட்டும் குடித்தார். அஞ்சாம் நாள் கல்லாக இறுகி, கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் அனுமதித்ததும் சாப்பிடுங்கள். "வயிறுதான் காலியா இருக்கே" என்று மலமிளக்கியை நிறுத்தாதீர்கள். இசப்கோல் (மலம் இளக்கும் நார் உமி) எழுதியிருந்தால் கூடவே நிறையத் தண்ணீர். இல்லையென்றால் அதுவே அடைத்துக்கொள்ளும். போய்வந்ததும் அகலமான பேசினில் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி 10-15 நிமிஷம் உட்காருங்கள். டெட்டால் ஊற்ற வேண்டாம். துடைக்கக் கூடாது, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். கடும் வலி ஒன்று, இரண்டு வாரம்.

கேள்வி: கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தையலே இல்லை, புண் திறந்து கிடக்கிறது! பிரிந்துவிட்டதா?

பதில்: கண்ணாடியைத் தூக்கிப் போடுங்கள். வேண்டுமென்றே திறந்து விடுவதுதான் அந்த முறை. 1937-ல் லண்டனில் மில்லிகன், மார்கன் என்ற டாக்டர்கள் எழுதியது, இன்றும் நடக்கிறது. உள்ளிருந்து ஆறி மூட 4-6 வாரம் ஆகும். புண்களுக்கு நடுவில் தோலை விட்டுவைப்பது வழி சுருங்காமல் இருக்க.

கேள்வி: மலத்தோடு ரத்தம் வருது. மூலம்தானே?

பதில்: எனக்கு எப்படித் தெரியும்? நம் ஊரில் வெடிப்பு, பவுத்திரம், கட்டி எல்லாவற்றுக்கும் பேர் மூலம்தான். குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும். டாக்டர் விரல் விட்டுப் பார்க்கணும். 45 தாண்டியிருந்தால் கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) பற்றியும் கேளுங்கள்.

கேள்வி: லேசரில் வலியே இல்லையாமே?

பதில்: குறைவு. இல்லாமல் இல்லை. வெட்டி எடுப்பதைவிடத் திரும்ப வர வாய்ப்பு அதிகம். அதை விளம்பரத்தில் போட மாட்டார்கள். முழுக்க வெளியே தள்ளி நிற்கும் நாலாம் நிலைக்குப் பெரும்பாலும் கத்திதான்.

கேள்வி: கோழி சூடு. அதனால்தான் எனக்கு மூலமே வந்தது. இனிமேல் தொடலாமா?

பதில்: கோழியில் நார்ச்சத்து கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கறியும் சோறும் மட்டும், காய் ஒரு துண்டு இல்லை, தண்ணீரும் இல்லை. திங்கள்கிழமை முக்குகிறீர்கள். பழி கோழி மேல்.

கேள்வி: அப்போ ஆட்டுக்கறி?

பதில்: ஆடு என்ன கீரையா?

கேள்வி: பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்கிறீர்கள். கருணைக்கிழங்கு சாப்பிட்டு எங்கள் அப்பாவுக்குச் சரியானது.

பதில்: கேலி இல்லை. கிழங்கில் நார் இருக்கு, மலம் இளகியிருக்கும். பாட்டி சொன்னது சரி, காரணம்தான் வேறே. என் மாமியாரும் 'சூடு' என்றுதான் சொல்வார். எதிர்த்துப் பேசுவதில்லை, அவரைக்காய்ப் பொரியல் இன்னொரு கரண்டி வைத்துவிடுவேன்.

கேள்வி: ஆபரேஷனே இல்லாமல் ஒரே ஊசியில் உதிர்த்துவிடுவதாக போர்டு பார்த்தேன்.

பதில்: டாக்டர்கள் போடும் ஊசி வேறு, அது சின்ன மூலத்துக்கு. போர்டு ஆள் படித்திருக்கிறாரா என்று பாருங்கள். படிக்காத ஆள் போட்ட ஊசியில் தசையே வெந்து, வழி சுண்டுவிரல் நுழையாத அளவுக்குச் சுருங்கி வந்தவர்களுக்கு நான் கட்டு மாற்றியிருக்கிறேன். போகாதீர்கள்.

கேள்வி: ஆபரேஷன் ஆகி ஒன்பதாம் நாள். நல்லா இருந்தேன், திடீரென்று ரத்தம்.

பதில்: சொட்டுச் சொட்டாக என்றால் டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லுங்கள். கட்டி கட்டியாகவோ, துணி நனைகிற அளவோ, தலை சுற்றினாலோ உடனே ஆஸ்பத்திரி. ஒரு வாரம், பத்து நாளில் இப்படிக் கொட்டுவது உண்டு.

கேள்வி: முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன். மூத்திரம் வரவே இல்லை.

பதில்: இங்கே டைப் பண்ணாமல் டியூட்டி நர்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: சிஸ்டர், வயசு 52. ரத்தம் வருது, வலி இல்லை. மூலமாக இருக்குமோ?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். 52 என்றால் நாளைக்கே போங்கள்.