மேசைக்கு நல்ல பவர்டு ஸ்பீக்கர்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் வந்த கேள்விகள்

அடக்கமான விலையில், கணினி மேசையில் வைக்க பவர்டு ஸ்பீக்கர், அதாவது ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர், எது வாங்கலாம் என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மாடல் பெயரை மட்டும் எதிர்பார்த்தவர்களும் முழுசாகப் படித்துவிடுங்கள், ஏனென்றால் இந்த விலை வட்டத்தில் எதை வாங்குகிறீர்கள் என்பதற்குச் சமமாக அதை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம்.

மேசை ஆழம் 60 செ.மீ. தான். நடுவில் 27 அங்குல மானிட்டர் இருக்கிறது. 4 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியை, அதாவது பேஸைத் தரும் பெரிய கூம்பு) போதுமா, 5 அங்குலத்துக்குப் போகலாமா?

4 அங்குலம் போதும். உங்கள் மேசைக்கு 5 அங்குலம் வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். 5 அங்குல வூஃபர் உள்ள பெட்டி பெரும்பாலும் 30 செ.மீ. உயரமும் 20 செ.மீ.க்கு மேல் ஆழமும் இருக்கும், பின்னால் ஒயருக்கும் கொஞ்சம் இடம் விட்டால் ஸ்பீக்கரின் முகம் உங்கள் முகத்துக்கு நேராக வந்து நிற்கும். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால் வூஃபரின் சத்தமும் உச்ச ஒலிக்கான சின்ன ட்வீட்டரின் சத்தமும் ஒன்றாகக் கலப்பதற்குள்ளேயே காதுக்கு வந்துவிடும், தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே குரலின் தன்மை மாறுவது தெரியும். சின்னப் பெட்டியில் இரண்டும் நெருங்கி இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

இதில் இழப்பது ஆழமான பேஸ். 4 அங்குல வூஃபர் 60, 70 ஹெர்ட்ஸ் பக்கம் போகும்போதே தளர ஆரம்பித்துவிடும், 3.5 அங்குலம் 80 பக்கமே. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அப்படியானால் அது கேட்கவே கேட்காதா என்றால், கேட்கும். அந்த ஸ்வரத்தோடு சேர்ந்து வரும் 82, 123 ஹெர்ட்ஸ் மேல்ஒலிகள் காதில் விழுந்தால் போதும், அடி ஸ்வரம் எது என்று மூளை தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். வயிற்றில் வந்து இடிக்கிற அந்த அதிர்வு மட்டும் இருக்காது. பேச்சு, பாட்டு, வீணை, வயலின் இதற்கெல்லாம் ஒரு குறையும் தெரியாது.

மாடல் வேண்டும் என்றால் இரண்டு சொல்கிறேன். எடிஃபையர் ஆர்1280 வரிசை: 4 அங்குல வூஃபர், 13 மி.மீ. ட்வீட்டர், இரண்டுக்கும் சேர்த்து 42 வாட்ஸ், போர்ட் (பேஸ் வெளிவரும் துளை) முன்பக்கத்திலேயே இருப்பதால் சுவர் கிட்டே வைப்பவர்களுக்குக் கொஞ்சம் வசதி. ஒலியில் ஒரு மென்மை இருக்கும், நாள் முழுக்க ஓடவிட்டாலும் காது வலிக்காது. ப்ரீசோனஸ் எரிஸ் 3.5: பெட்டி இன்னும் குள்ளம், குரலும் கருவிகளும் தெளிவாகப் பிரிந்து கேட்கும், ஹெட்ஃபோன் ஜாக் முன்னாலேயே இருக்கிறது. ஆனால் பேஸ் குறைவு, போர்ட்டும் பின்பக்கம். பாட்டு கேட்பதுதான் முக்கியம் என்றால் முதலாவது. எடிட்டிங், குரல் பதிவு என்று வேலையும் செய்கிறீர்கள் என்றால் இரண்டாவது.

ஒன்றில் 42 வாட்ஸ் என்கிறார்கள், அதே விலையில் இன்னொன்றில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்) என்று போட்ட எண்ணை மட்டும் பாருங்கள். பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம் என்று சொல்லிக்கொள்வது) என்று இருந்தால் அந்தப் பெட்டியை அப்படியே கீழே வைத்துவிடுங்கள், அதை அளப்பதற்கு ஒரு பொது விதியே கிடையாது, யாரும் எதையும் அச்சடிக்கலாம்.

உண்மையில் எவ்வளவு தேவை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண சின்ன ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 85 டெசிபல் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்காருவது 70 செ.மீ. தூரத்தில், அதனால் இன்னும் 3 டெசிபல் கூடும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் மேலும் 3. ஆக ஆளுக்கு ஒரு வாட்டிலேயே 91 டெசிபல் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் காதுக்குப் பாதுகாப்பு என்று சொல்லும் வரம்பு 80 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம்! மீதி வாட்ஸ் எல்லாம் பாட்டில் திடீரென்று விழும் தாள அடிகளுக்குத்தான், அதற்குப் பக்கத்துக்கு 20 வாட்ஸ் தாராளம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல் என்பதையும் நினைவில் வையுங்கள், 40 வாட்டுக்கும் 80 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

பவர்டு, ஆக்டிவ், ஸ்டுடியோ மானிட்டர் மூன்றும் ஒன்றா?

மூன்றிலும் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும். பவர்டு என்றால் பெரும்பாலும் ஒரு பெட்டியில் மட்டும் ஆம்ப் இருக்கும், அதிலிருந்து மற்றதற்கு ஒரு ஒயர் போகும். ஆக்டிவ் என்றால் வூஃபருக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று என்று தனித்தனி ஆம்ப், ஒலியைப் பிரிக்கிற வேலையும் ஆம்புக்கு முன்னாலேயே முடிந்துவிடும். ஆனால் விற்பவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒலிப்பதிவு வேலைக்கான ஸ்பீக்கர்களைத்தான் ஸ்டுடியோ மானிட்டர் என்கிறார்கள், அவற்றில் பலவற்றுக்கு வால்யூம் குமிழ் பின்பக்கத்தில், அதுவும் ஒவ்வொன்றுக்கும் தனியாக இருக்கும். தினமும் கை போகிற இடம் அது, வாங்கும் முன் யோசியுங்கள். சில மாடல்களில் பாட்டு ஓடாதபோது ட்வீட்டரிலிருந்து மெல்லிய ‘உஸ்ஸ்’ வரும், அமைதியான அறையில் அரை மீட்டரில் உட்காருபவருக்கு அது நிச்சயம் தெரியும்.

லேப்டாப் சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் ஆடியோ ஒயரை ஸ்பீக்கரிலிருந்தே கழற்றிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் ஸ்பீக்கரின் உள்ளேதான் கோளாறு, மாற்றித் தரச் சொல்லுங்கள். கழற்றியதும் நின்றுவிட்டால், திரும்பச் செருகிவிட்டு சார்ஜரை மட்டும் பிடுங்குங்கள். இப்போது நின்றால் விஷயம் தெளிவு: எர்த் இரண்டு வழியாக ஓடி ஒரு வளையம் ஆகியிருக்கிறது, அல்லது சார்ஜரின் மின் இரைச்சல் ஆடியோ ஒயருக்குள் கசிகிறது.

செலவில்லாத வழியை முதலில் பாருங்கள். லேப்டாப் சார்ஜர், மானிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். ஆடியோ ஒயர் மின் ஒயரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் பிரித்து விடுங்கள். தீரவில்லையா, கணினியிலும் ஸ்பீக்கரிலும் ஆப்டிகல் இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். அதில் போவது வெளிச்சம், மின் தொடர்பே இல்லை, வளையத்துக்கு வழியே கிடையாது. ஆப்டிகல் இல்லாதவர்கள் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்ன டப்பாவை ஒயருக்கு நடுவில் போடலாம், உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். மட்டமானதாக இருந்தால் பேஸைக் கொஞ்சம் தின்னும், அவ்வளவுதான்.

எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். சத்தம் போகும்தான், ஆனால் அந்த பின் இருப்பது உங்கள் உயிருக்காக. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

‘ம்ம்ம்’ இல்லாமல் மவுஸை அசைக்கும்போது ‘கிர்ர்’ என்று வந்தால் அது வேறு கதை, கணினிக்குள் இருக்கும் சவுண்ட் பகுதியே இரைச்சலை எடுக்கிறது. ஒரு சின்ன யூஎஸ்பி டாக் (ஒலியைக் கணினிக்கு வெளியே மாற்றித் தரும் கருவி) போட்டால் பெரும்பாலும் போய்விடும். டாக் பற்றிக் கேட்ட மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இந்த மாதிரி இரைச்சல் இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்தப் பணத்தை ஸ்பீக்கரிலேயே போடுங்கள்.

ப்ளூடூத் மட்டும் போதுமா?

பாட்டுக்குப் போதும். படம் பார்ப்பதற்கும் பெரும்பாலும் சரி, வீடியோ ஆப்கள் தாமதத்தைக் கணக்கிட்டுப் படத்தைக் கொஞ்சம் பிந்திக் காட்டிவிடும். கேம் ஆடினால், கீபோர்டு வாசித்தால் முடியவே முடியாது. சாதாரண ப்ளூடூத்தில் 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை தாமதம் வரும், கட்டையை அழுத்திய பிறகு ஸ்வரம் வந்தால் எப்படி வாசிப்பது? மேசையில் அசையாமல் இருக்கப்போகிற ஸ்பீக்கருக்கு ஒயர்தான் நல்லது.

புதிதாக வாங்கினேன், பேஸ் எல்லாம் ‘கொழகொழ’ என்று இருக்கிறது, குரல் மூக்கடைத்த மாதிரி கேட்கிறது. சுவரை ஒட்டி, மேசைமேலேயே வைத்திருக்கிறேன்.

ஸ்பீக்கரை மாற்றாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சுவர் கிட்டே இருக்கும்போது பின்னால் போகிற தாழ்ந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பி முன்னால் வருவதோடு சேர்ந்துகொள்ளும், பேஸ் 6 டெசிபல் வரைகூட வீங்கும். மூலையில் வைத்தால் இன்னும் மோசம். மேசையை முன்னால் இழுக்க முடிந்தால் ஸ்பீக்கரின் முதுகுக்கும் சுவருக்கும் 20 செ.மீ. இடைவெளியாவது கொடுங்கள். முடியாதா, ஸ்பீக்கரிலுள்ள பேஸ் குமிழை இரண்டு மூன்று டெசிபல் குறையுங்கள், அது இருப்பதே இதற்குத்தான். பின்பக்கம் போர்ட் உள்ளதானால் துளையில் ஒரு காலுறையைச் சுருட்டிச் செருகிப் பார்க்கலாம், பேஸ் குறையும், ஆனால் இறுக்கமாகும். நல்ல வழிதான், வெட்கப்படத் தேவையில்லை.

குரல் அடைத்தது மாதிரி கேட்பதற்குக் காரணம் மேசைப் பலகை. ட்வீட்டரிலிருந்து நேராக வரும் ஒலி ஒன்று, பலகையில் பட்டுத் தெறித்து ஒரு நொடியின் சின்னப் பங்கு பிந்தி வருவது இன்னொன்று. இரண்டும் சேரும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். போதாக்குறைக்குப் பெட்டியின் அதிர்வு பலகைக்கும் இறங்கி, மேசையே மத்தளம் மாதிரி முழங்கும். பாட்டு ஓடும்போது விரல் நுனியை மேசைமேல் வைத்துப் பாருங்கள், தெரியும்.

ஸ்பீக்கரை உயர்த்துங்கள். ட்வீட்டர் உங்கள் காது மட்டத்துக்கு வரவேண்டும், 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள சின்ன ஸ்டாண்டு போதும். அதுவரை தடித்த புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு துண்டு ரப்பர் அல்லது ஃபோம் போட்டு வையுங்கள். அவ்வளவு உயர்த்த வழியில்லை என்றால் முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, ட்வீட்டர் காதைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள். எவ்வளவு தெறிக்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி: சின்னக் கண்ணாடியை உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மேசைமேல் படுக்கவைத்து, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள். கண்ணாடியில் ட்வீட்டர் தெரிகிற இடத்தில்தான் ஒலி பட்டுத் தெறிக்கிறது. அங்கே தடித்த மவுஸ்பேடு போட்டால் உச்ச ஒலியின் தெறிப்பு குறையும். ஸ்பீக்கரை மேசையின் முன்விளிம்புக்கு இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் அதைவிட நல்லது.

அப்புறம் இடைவெளி. இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவில் 80 செ.மீ. என்றால் காதுக்கும் ஏறக்குறைய 80. மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். எல்லாம் சரியாக அமைந்துவிட்டால் பாடுகிறவரின் குரல் இரண்டு பெட்டியிலிருந்தும் வராமல் திரைக்கு நடுவிலிருந்து வருவது போலக் கேட்கும். அது வரும்வரை ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று நகர்த்திக்கொண்டே இருங்கள். அந்த ஒரு கணத்துக்காகவே இந்தச் சிரமத்தை எல்லாம் படலாம்.

ராத்திரி சத்தம் குறைத்தால் பாட்டே சப்பென்று ஆகிவிடுகிறது.

அது காதின் இயல்பு. ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933லேயே அளந்து காட்டியது: சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த ஒலிகளை உணரும் திறன் மற்றதைவிட வேகமாகக் குறையும். இரவில் பேஸ் குமிழைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள், காலையில் மறக்காமல் இறக்கிவிடுங்கள்.

சப்வூஃபர் (ஆழமான பேஸுக்கு மட்டும் தனிப் பெட்டி) சேர்க்கலாமா?

முதலில் மேலே சொன்ன மாதிரி வைத்துவிட்டு ஒரு மாதம் கேளுங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் சேர்க்கலாம். அந்த யோசனை இப்போதே இருந்தால், சப் அவுட் (சப்வூஃபரை இணைக்கும் துளை) உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பின்னால் இணைப்பதே தலைவலி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் சப்புக்குப் பிரித்துவிட்டு, சப் தனியாக ஒலிப்பது தெரியாத அளவுக்கு அதன் வால்யூமை இறக்குங்கள். அடுக்குமாடி வீடு என்றால் கீழ்வீட்டுக்காரரை நினைத்து வேண்டாம் என்றே சொல்வேன்.

பழைய ஸ்பீக்கர் பாதி விலையில் கிடைக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

வூஃபர் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ரப்பராக இருந்தால் நல்லது. ஃபோமாக இருந்து விரலில் தூளாக ஒட்டினால் விட்டுவிடுங்கள், வயதாகிவிட்டது. வால்யூம் குமிழை முழுக்கத் திருப்பும்போது ‘கரகர’ வந்தால் உள்ளே தூசி, அது சரிசெய்யக்கூடியதே. எதையும் ஓடவிடாமல் பாதி வால்யூமில் வைத்து ட்வீட்டர் கிட்டே காதைக் கொண்டுபோய் ‘உஸ்ஸ்’ அதிகமாக வருகிறதா என்று பாருங்கள், பிறகு குரல் மட்டும் உள்ள ஒரு பதிவை ஒரு பக்கம், மறுபக்கம் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டும் ஒரே குரலாக இருக்க வேண்டும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் போகும் ஒயரையும் கேட்டு வாங்குங்கள். சில மாடல்களில் அது அந்தக் கம்பெனிக்கே உரிய பின்னோடு வரும், தொலைந்தால் வெளியில் கிடைக்காது. சாதாரண ஸ்பீக்கர் ஒயரைச் சொருகும் வகை என்றால் அந்தக் கவலை இல்லை, வேண்டிய நீளத்துக்கு வெட்டிப் போட்டுக்கொள்ளலாம்.